ஒரே பள்ளி பேண்டிலிருந்து இத்தனை ஜாஸ் கலைஞர்கள் வந்தது எப்படி? சிகாகோ டுசேபிள் பள்ளியின் கதை

ஜாஸ் கேட்கத் தொடங்கி, கலைஞர்களின் பின்னணியைத் தேடிப் படிக்கிற எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். நாட் கிங் கோல், ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன், எடி ஹாரிஸ், டோரதி டோனேகன், ஜானி ஹார்ட்மன், ரிச்சர்ட் டேவிஸ் என்று யாரை எடுத்தாலும் சிகாகோவில் ஒரே உயர்நிலைப் பள்ளியின் பேண்டைக் காட்டுகிறார்களே, அங்கே அப்படி என்ன இருந்தது? யார் தொடங்கியது? இப்போதும் நடக்கிறதா?

ஒரு வரியில் கேட்டால் பதில் வால்டர் டையெட் என்ற ஆசிரியர். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், ஒரு மகா ஆசிரியர் இருந்தார், அவர் கைபட்டதெல்லாம் பொன்னாயிற்று என்கிற மாதிரி. எனக்கு அது போதவில்லை. அவர் பெரிய ஆசிரியர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவரை அந்தப் பள்ளிக்குள் கொண்டுவந்து சேர்த்த சங்கதிகளும், அத்தனை பிள்ளைகளை ஒரே கட்டடத்துக்குள் அடைத்துவைத்த சங்கதிகளும் இசைக்கு வெளியே நடந்தவை. அவற்றைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

அமெரிக்கப் பள்ளியில் பேண்ட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். கால்பந்து மைதானத்தில் சீருடை போட்டு அணிவகுக்கிற காட்சியைத்தான் சினிமாவில் பார்த்திருப்போம். அது வெளியே தெரிகிற பகுதி. உள்ளே பேண்ட் என்பது ஒரு பீரியட். கணக்கு, ஆங்கிலம் போலவே அட்டவணையில் வரும், மதிப்பெண் உண்டு, அதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆசிரியர் உண்டு, பல பள்ளிகளில் வாத்தியமும் பள்ளியே கொடுக்கும். இந்த ஏற்பாடு அப்படி ஒன்றும் பழையதில்லை. 1860களின் உள்நாட்டுப் போரில் ரெஜிமெண்ட் பேண்டுகளில் ஊதியவர்கள் ஊர் திரும்பியதும் ஊருக்கு ஊர் பேண்ட் வந்தது, அப்புறம் அணிவகுப்பு இசைக்குப் பேர்போன சூசா போன்றவர்கள் பெரிய தொழில்முறை பேண்டுகளை நடத்திய காலம், அப்புறம் முதல் உலகப் போர். அந்தப் போரிலிருந்து திரும்பிய பேண்ட்காரர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள் ஆனார்கள். அதே சமயம் தொழில்முறை பேண்டுகள் படுத்துக்கொண்டன. வாத்தியக் கம்பெனிகளுக்குப் புது வாடிக்கையாளர் வேண்டும். எங்கே போவார்கள்? பள்ளிக்குத்தான். 1923இல் சிகாகோவில் நடந்த முதல் தேசியப் பள்ளி பேண்ட் போட்டிக்குப் பணம் போட்டதே வாத்திய உற்பத்தியாளர்கள்தான். ஒஹையோ மாநிலத்தின் ஃபோஸ்டோரியா என்ற சின்ன ஊர்ப் பள்ளி ஜெயித்தது. சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பள்ளி பேண்ட் ஒரு கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

பள்ளி பேண்டின் வரலாறு என்று எழுதப்படும் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வெள்ளை ஊர்களின் வழியாகவே போகும். கருப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளின் பேண்டுக்குத் தனி வம்சாவளி இருக்கிறது. அது ராணுவத்தையும் செய்தித்தாளையும் தொட்டுக்கொண்டு வருகிறது.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் 1904இல் திறந்த வெண்டெல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளி, முதல் உலகப் போர்க் காலத்தில் தெற்கு மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி வந்து இறங்கியதும், நகரத்தின் முதல் கருப்பினப் பெரும்பான்மை உயர்நிலைப் பள்ளியாக மாறியது. 1920களில் அங்கே பேண்டைக் கையில் எடுத்தவர் மேஜர் என். கிளார்க் ஸ்மித். தெற்கே அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கருப்பினக் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் கல்விநிலையத்தில் பேண்ட் நடத்தியவர். கான்சஸ் சிட்டியின் லிங்கன் உயர்நிலைப் பள்ளியிலும் இருந்தவர், பிற்பாடு கவுண்ட் பேஸியின் புகழ்பெற்ற ஜாஸ் இசைக்குழுவுக்கு முதுகெலும்பாக இருந்த பேஸ் (நின்றபடி வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கலைஞர் வால்டர் பேஜ் அங்கே அவரிடம் படித்தவர்தான். சிகாகோவில் 'டிஃபெண்டர்' என்ற கருப்பினச் செய்தித்தாள், பத்திரிகை விற்கும் பையன்களை வைத்து ஒரு பேண்ட் நடத்தியது. அதையும் மேஜர்தான் பார்த்துக்கொண்டார். அதில் டிரம் அடித்த ஒரு பையன், பிற்பாடு பெரிய ஜாஸ் பேண்டின் தலைவரான லயனல் ஹாம்ப்டன். ஃபிலிப்ஸ் பள்ளியில் அந்தக் காலத்தில் படித்தவர்களில் மில்ட் ஹிண்டனும், பிறகு டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவுக்குப் போன ரே நான்ஸும் உண்டு. ஆக டையெட் வருவதற்கு முன்பே அடுப்பு மூட்டியிருந்தது.

டையெட் 1901இல் மிசூரி மாநிலத்தின் செயிண்ட் ஜோசப்பில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் வளர்ந்தார், வயலின் முக்கிய வாத்தியம், கிளாரினெட்டும் பஸூனும் டிரம்ஸும் கூட வரும். பெர்க்லியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு படித்துவிட்டு, மருத்துவம் படிக்கத்தான் 1920களின் தொடக்கத்தில் இல்லினாய் வந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, வயலின் கையில் இருந்தது, டாக்டர் ஆகவில்லை. ஸ்டேட் தெருவில் வெண்டோம் என்ற சினிமாத் தியேட்டரில் எர்ஸ்கின் டேட் நடத்திய ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். அது ஊமைப்பட காலம். படம் ஓடும்போது கீழே உட்கார்ந்து முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும், இடைவேளையில் தனிக் கச்சேரி மாதிரியே நடக்கும். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் அதே ஆர்கெஸ்ட்ராவில் சிறிது காலம் இருந்தார். நோட்டை, அதாவது எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை.

அப்புறம் பேசும்படம் வந்தது. 1920களின் கடைசியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தியேட்டர் ஆர்கெஸ்ட்ராக்கள் நாடு முழுக்கக் கலைந்தன. ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் வேலையிழந்தார்கள், அதிலும் வயலின்காரர்கள் கதி மோசம், ஏனென்றால் நடன பேண்டுகளில் வயலினுக்கு அவ்வளவாக இடம் கிடையாது. மேலே சொன்ன மில்ட் ஹிண்டன் வயலினை வைத்துவிட்டு பேஸுக்கு மாறியது இதனால்தான். டையெட் ஆசிரியர் வேலைக்குப் போனார். 1931இல் ஃபிலிப்ஸ் பள்ளியில் சேர்ந்தார். பேசும்படம் மட்டும் பத்து ஆண்டு தாமதமாகியிருந்தால் அவர் வெண்டோமிலேயே இருந்திருப்பார், நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது என் கட்சி. 'கேப்டன்' என்ற பட்டம், இல்லினாய் தேசியக் காவல்படையின் எட்டாம் ரெஜிமெண்ட் பேண்டை நடத்தியதால் வந்தது. அது கருப்பின வீரர்களும் கருப்பின அதிகாரிகளும் மட்டுமே கொண்ட படைப்பிரிவு, தெற்குச் சிகாகோவுக்கே பெருமை. பள்ளியில் அவரைக் கடைசிவரை கேப்டன் என்றே கூப்பிட்டார்கள்.

1935 தொடக்கத்தில் பழைய ஃபிலிப்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. பொருளாதார மந்தத்தால் பாதியில் நின்று ஒருவழியாக முடிந்திருந்த புதுக் கட்டடத்துக்கு மாணவர்களில் பெரும்பகுதியை மாற்றினார்கள். மறு ஆண்டு அதற்கு டுசேபிள் என்று பெயர் வைத்தார்கள். சிகாகோவில் முதலில் குடியேறி வீடு கட்டிய வெளியூர்க்காரர், ஹெய்ட்டி வழி வந்தவர் என்று சொல்லப்படும் கருப்பின வணிகர் ஜான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டுசேபிளின் பெயர் அது. டையெட்டும் அங்கே போனார். நாட் கோலின் பள்ளி நாட்கள் இந்த மாற்றத்தின் நேரத்தில்தான் வருகின்றன, சில பட்டியல்கள் அவரை ஃபிலிப்ஸ் என்றும் சில டுசேபிள் என்றும் போடுவதற்கு அதுதான் காரணம். அவர் படிப்பை முடிக்கவே இல்லை, பதினாறு வயதிலேயே சொந்தக் குழுவோடு நடன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தார்.

சரி, அந்த வகுப்பு எப்படி நடந்தது?

முதலில் தொடக்கநிலை வகுப்பு, பிறகு கச்சேரி பேண்ட், அணிவகுப்பு பேண்ட், கடைசியில் நடன இசை வாசிக்கும் பேண்ட் என்று படிப்படியாக ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் ஜாஸ் கிடையாது. ஜானி கிரிஃபின் கதை இதற்கு நல்ல சாட்சி. பையன் தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே ஜீன் அம்மன்ஸ் டெனர் சாக்ஸபோன் (ஆல்டோவைவிடப் பெரிய, கனத்த குரல் வகை) வாசிப்பதைக் கேட்டுவிட்டான். டுசேபிளுக்கு வந்ததும் எனக்கு அந்த டெனர்தான் வேண்டும் என்று கேட்டான். ஆள் வேறு குள்ளம். கேப்டன் கையில் கிளாரினெட்டைக் கொடுத்தார். அதை முடி, பிறகு பார்க்கலாம். கிளாரினெட், ஓபோ, ஆல்டோ சாக்ஸபோன் என்று சுற்றிய பிறகுதான் டெனர். பள்ளியை முடித்த சில நாளிலேயே, 1945இல், லயனல் ஹாம்ப்டனின் பெரிய பேண்டில் சேர்ந்தார். பதினேழு வயது. பிறகு உலகத்திலேயே வேகமான டெனர்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதே, அதில் கிளாரினெட்டில் விரல் தேய்த்த வருடங்கள் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். கிளாரினெட்டில் விரல் துளையைச் சரியாக மூடாவிட்டால் உடனே கீச்சென்று காட்டிக்கொடுக்கும், சாக்ஸபோன் அந்த அளவுக்குக் கொடுமைக்கார வாத்தியம் இல்லை.

கேப்டன் காது பற்றி எல்லாரும் சொல்வது ஒன்றே: முழு பேண்ட் முழங்கும்போது யாரோ ஒருவன் ஒரு சுரத்தைத் தவறாக வாசித்தால், நிறுத்தி, ஆளை நேராகக் காட்டுவார். வாயும் அப்படித்தான். திட்டுவார், கெட்ட வார்த்தை சரளமாக வரும், பேண்டை விட்டு வெளியே போ என்பார், மறுநாளோ மறுவாரமோ திரும்பச் சேர்த்துக்கொள்வார். இன்றைக்கு எந்தப் பள்ளியிலும் இது ஓடாது, ஓடவும் கூடாது என்பேன். ஆனால் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் அறுபது எழுபது வயதில் அவரைப் பற்றிப் பேசும்போது வருவது பயம் கலந்த பாசம்தான். எடி ஹாரிஸ் உட்படப் பலர் அந்தக் கண்டிப்பை விவரித்திருக்கிறார்கள்.

வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் சுவாரசியமான விஷயம். ஒரு நல்ல சாக்ஸபோன் வாங்கித் தரும் வசதி அந்தப் பகுதியில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? நகரக் கல்வி வாரியம் கருப்பினப் பள்ளிக்கு அள்ளிக் கொடுக்கவும் இல்லை. டையெட் ஆண்டுதோறும் 'ஹை-ஜிங்க்ஸ்' என்று ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி நடத்தினார். பாட்டு, நடனம், நகைச்சுவை, பேண்ட் எல்லாம் கலந்தது, மாணவர்களே வாசித்து, ஆடி, நடித்தது. டிக்கெட் வைத்தார்கள், தெற்குச் சிகாகோ திரண்டு வந்து பார்த்தது. அந்தப் பணத்தில் வாத்தியமும் சீருடையும் நோட்டும் வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு அதுவே தொழில்முறை மேடைக்கான பயிற்சி, பாடகருக்குப் பின்னால் அடக்கி வாசிப்பது, நடனக்காரருக்கு ஏற்ப நிறுத்துவது, அறிவிப்பாளர் சொதப்பினால் சமாளிப்பது எல்லாம். ஜானி ஹார்ட்மன் மாதிரி ஒரு பாடகர் அந்தச் சூழலில் இருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. இருக்கிற வாத்தியத்தை வைத்து ஆளைத் திருப்புவதும் நடந்தது. பேஸ் கலைஞர் ஃப்ரெட் ஹாப்கின்ஸ் பாப்லோ கசல்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு செல்லோ கற்க வேண்டும் என்று போனார், பள்ளியில் செல்லோ இல்லை, பேஸ் இருந்தது. அவ்வளவுதான், ஒரு பேஸ் கலைஞர் பிறந்தார்.

இன்னொன்று தொழிற்சங்கம். அன்று சிகாகோவில் இசைக்கலைஞர் சங்கமே இரண்டு, வெள்ளையருக்கு லோக்கல் 10, கருப்பினத்தவருக்கு லோக்கல் 208. 1966இல்தான் இரண்டும் ஒன்றாயின. டையெட் 208இன் உள்வட்டத்து ஆள். கையில் சங்க அட்டை இல்லாமல் நல்ல இடத்தில் வாசிக்க முடியாது, தன் மாணவன் தேறிவிட்டான் என்று அவருக்குத் தோன்றினால் வாசல் திறக்கும். எந்த பேண்ட் தலைவருக்கு எந்த வாத்தியம் தேவை என்பது அவருக்குத் தெரியும், கேப்டனின் பிள்ளை என்றால் நோட்டு படிக்கத் தெரியும், நேரத்துக்கு வருவான் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் 47ஆவது தெரு, அங்கே ரீகல் தியேட்டர், சவாய் அரங்கு, சுற்றி கிளப்புகள். அம்மன்ஸ் பதினெட்டு வயதில் கிங் கோலாக்ஸின் பேண்டோடு ஊர் சுற்றக் கிளம்பினார், மறு ஆண்டு பாடகர் பில்லி எக்ஸ்டைனின் பேண்டில் போய்ச் சேர்ந்தார். அவர் அப்பா ஆல்பர்ட் அம்மன்ஸ் பெரிய பூகி-வூகி (துள்ளலான ப்ளூஸ் பியானோ பாணி) பியானோக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் பள்ளிக் கணக்கில் எழுதிவிட முடியாது.

டுசேபிள் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவும் வேண்டாம். பர்மிங்ஹாமில் இண்டஸ்ட்ரியல் உயர்நிலைப் பள்ளியில் ஃபெஸ் வாட்லி என்பவர் அச்சுத்தொழில் ஆசிரியர், பேண்டையும் அவரே கட்டினார், எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் அங்கிருந்து வந்தவர். மெம்ஃபிஸின் மனாசஸ் பள்ளிக்கு ஆசிரியராகப் போன ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் அங்கே மாணவர்களை வைத்துத் தொடங்கிய குழுதான் வளர்ந்து 1930களின் மிகப் பெரிய ஸ்விங் பேண்டுகளில் ஒன்றானது. இந்த இரண்டு ஓடைகள் சந்தித்த இடமும் உண்டு. வாட்லியின் பர்மிங்ஹாமில் வளர்ந்த ஜாஸ் குழுத் தலைவர் சன் ரா 1940களில் சிகாகோ வந்து தன் குழுவுக்கு ஆள் சேர்த்தபோது, ஜான் கில்மோர், பாட் பேட்ரிக், ஜூலியன் ப்ரீஸ்டர் என்று டுசேபிள் பிள்ளைகளாகவே அமைந்தார்கள். சனி கிரகத்திலிருந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மினுமினுக்கும் அங்கி போட்டு நடத்திய குழுவின் அடித்தளம் இரண்டு பள்ளிகளின் கறாரான பேண்ட் பீரியட்!

இப்போது கசப்பான பகுதி. ஒரே பள்ளியில் இவ்வளவு திறமை ஏன் குவிந்தது என்றால், வேறெங்கும் போக விடவில்லை என்பதுதான் பெரும் காரணம். கருப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் சிகாகோவில் பரவலாக இருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று சொல்லும் வரை சட்டமும் அதற்குத் துணை நின்றது. ஆக டாக்டர் பிள்ளையும் கசாப்புத் தொழிற்சாலைக் கூலியின் பிள்ளையும் ஒரே நெரிசல் பகுதி, ஒரே பள்ளி. டுசேபிளில் படித்தவர்களில் பின்னாளில் சிகாகோவின் முதல் கருப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டனும், 'எபனி' பத்திரிகையைத் தொடங்கிய ஜான் ஜான்சனும் உண்டு. ஓவிய ஆசிரியர் மார்கரெட் பர்ரோஸ் பிற்பாடு ஓர் அருங்காட்சியகத்தையே நிறுவியவர். ஆசிரியர்களும் அப்படித்தான், வேறு வாசல்கள் திறந்திருந்தால் பல்கலைக்கழகத்திலோ சிம்ஃபனியிலோ இருந்திருக்க வேண்டியவர்கள் பள்ளியில் பாடம் எடுத்தார்கள். பேஸ் கலைஞர் ரிச்சர்ட் டேவிஸ் டையெட்டிடம் படித்தார், கூடவே சிகாகோ சிம்ஃபனியின் பேஸ்காரரிடமும் படித்தார், ஆனால் அன்று அந்த மேடையில் கருப்பின முகத்துக்கு இடம் கிடையாது. ஜாஸுக்குப் போனார், பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 'பழைய கருப்பினப் பள்ளிகள் எவ்வளவு அருமை' என்று சிலர் ஏக்கத்தோடு எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அருமைதான், ஆனால் அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? வகுப்புகள் நிரம்பி வழிந்தன. பக்கத்து வெள்ளைப் பள்ளிகளில் இடம் இருந்தும் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல் தகர வண்டி வகுப்பறைகளை வைத்த கல்வித் தலைவர் பெஞ்சமின் வில்லிஸுக்கு எதிராக, 1963 அக்டோபரில் சுமார் 2 லட்சம் மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்கள்.

டையெட் 1960களின் தொடக்கத்தில் டுசேபிளை விட்டுப் போனார், 1969இல் இறந்தார். பேண்ட் அன்றோடு நிற்கவில்லை, ஆனால் சுற்றியிருந்தவை ஒவ்வொன்றாகப் போயின. பள்ளிக்குப் பக்கத்திலேயே 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களாக ராபர்ட் டெய்லர் குடியிருப்பு எழும்பி, ஏழைகளிலும் ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்தது. வசதி வந்தவர்கள் வெளியேறினார்கள், 47ஆவது தெருவின் அரங்குகள் மூடின, ரீகல் இடிக்கப்பட்டது. மாலையில் போய் வாசிக்க ஓர் இடம் இல்லாதபோது பேண்ட் பீரியட் வெறும் பீரியட்தான். ஆனாலும் அதற்குள் கேப்டனின் பிற்கால மாணவர்கள் வேறொரு திசையில் போயிருந்தார்கள். ஜோசப் ஜார்மன், லெராய் ஜென்கின்ஸ், மேலே சொன்ன ஃப்ரெட் ஹாப்கின்ஸ் எல்லாம் 1965இல் சிகாகோவில் உருவான ஏஏசிஎம் என்ற பரிசோதனை இசை அமைப்பின் ஆட்கள். அணிவகுப்பு பேண்ட் வாத்தியார் ஒருவரின் வகுப்பிலிருந்து, தாளம் சுரம் என்ற கட்டுகளை உதறிய ஃப்ரீ ஜாஸ்காரர்கள்.

டுசேபிள் உயர்நிலைப் பள்ளியை 2000களில் படிப்படியாக மூடினார்கள். கட்டடம் இருக்கிறது, உள்ளே சிறிய பள்ளிகள் நடக்கின்றன, 2013இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. வாஷிங்டன் பார்க்கில் டையெட் பெயரிலேயே 1972 முதல் ஒரு பள்ளி உண்டு. அதையும் மூடுவதாக 2012இல் வாரியம் முடிவெடுத்தது, 2015இல் மூடியும் விட்டார்கள். அந்த ஆண்டு பெற்றோரும் பகுதி மக்களுமாகப் பன்னிரண்டு பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016இல் அது கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாகத் திரும்பத் திறந்தது. உண்ணாவிரதம் இருந்தவர்கள் கேட்ட பாடத்திட்டம் அது இல்லை, அவர்கள் கேட்டது பசுமைத் தொழில்நுட்பமும் உலகத் தலைமைத்துவமும். பள்ளி பிழைத்தது, கோரிக்கை முழுதாக நிறைவேறவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்பினால் டெனர் சாக்ஸபோன்காரர்களை வரிசையாகக் கேளுங்கள்: அம்மன்ஸ், வான் ஃப்ரீமன், கிரிஃபின், கிளிஃபர்ட் ஜோர்டன், கில்மோர், எடி ஹாரிஸ். கில்மோரும் ஜோர்டனும் 1957இல் ப்ளூ நோட் கம்பெனிக்காகச் சேர்ந்து ஒரு ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள், பியானோவில் ஹொரேஸ் சில்வர், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. இரண்டு டெனரும் ஒரே வகுப்பறையிலிருந்து வந்தவை, இரண்டு நிமிடம் கேட்டாலே எது யார் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.